'யூ' தொடரின் மரியேன்: செத்தவளுக்குக் கொடை, தப்பியவளுக்கு என்ன?

பாளை வாசகி
ஞாயிறு, இரவு 9.12

'யூ' என்ற ஆங்கில வலைத்தொடரின் ஐந்து சீசன்களின் முடிவும் இந்த இழையில் வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

போன வாரம் எங்கள் தெருவில் இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழா. ராத்திரி பூராவும் வில்லுப்பாட்டு. தூக்கம் வராமல் மாடி அறையில் உட்கார்ந்து 'யூ' நான்காவது சீசனை இரண்டாம் முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒலிபெருக்கியில் நீலி கள்ளிக்கொப்பைக் கைப்பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தன்னைக் கொன்றவனைத் தேடி வருகிறாள். உள்ளே திரையில் மரியேன் கண்ணாடிக் கூண்டுக்குள் சுருண்டு கிடக்கிறாள். இரண்டும் ஒரே நேரத்தில் காதிலும் கண்ணிலும் விழுந்ததில் இருந்து மனசு ஆறவில்லை.

நம் பக்கத்தில் அநியாயமாகக் கொல்லப்பட்ட பெண்ணுக்குப் பீடம் உண்டு. பொங்கல், படையல், கொடை எல்லாம் உண்டு. உயிரோடு தப்பி வந்தவளுக்கு என்ன உண்டு? அவள் எங்கே போனாள், எதைச் சாப்பிட்டாள், ராத்திரி தூங்கினாளா என்று பாடுவதற்கு ஒரு வரி கிடையாது.

அதனால்தான் எனக்கு மரியேன் முக்கியம். 2018-ல் தொடங்கி 2025 ஏப்ரலில் முடிந்த இந்தத் தொடரில், பெண்களைப் பின்தொடர்ந்து கொலை வரை போகும் ஜோ கோல்ட்பெர்க்கிடம் மாட்டிய பெண்கள் நிறைய. பெக் முதல் சீசன் முடிவில் செத்துப்போனாள். கேண்டஸை உயிரோடு புதைத்தான், அவள் மண்ணைத் தோண்டி வெளியே வந்தாள், இரண்டாவது சீசனில் அவனை அம்பலப்படுத்தத் திரும்பி வந்தாள், அவளும் போனாள். மரியேன் பழிவாங்க வந்தவள் இல்லை. மகள் ஜூலியட்டிடம் திரும்பிப் போக வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

மூன்றாவது சீசனில் அவள் நூலகர். போதைப் பழக்கத்தில் இருந்து மீண்டு வந்தவள். அந்தப் பழைய பழக்கத்தையே காட்டி, டிவி செய்தியாளராக இருக்கும் முன்னாள் கணவன் ரயன் பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளப் பார்க்கிறான். ஜோவுக்கு முன்பே அவளை ஒருவன் கூண்டில் வைத்திருந்தான், அந்தக் கூண்டுக்குக் கோர்ட் முத்திரை இருந்தது என்பதுதான் வித்தியாசம். ஜோ அவளுக்கு உதவுகிறவனாக உள்ளே வருகிறான், ரயனைக் கொல்கிறான். அவள் கேட்காத உதவி அது.

நான்காவது சீசன் இரண்டு பாகமாக வந்தது ஞாபகம் இருக்கிறதா? 2023 பிப்ரவரி 9 முதல் பாகம், மார்ச் 9 இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் லண்டனில் அவளைக் கண்டுபிடிக்கிறான், கழுத்துச் சங்கிலியை மட்டும் எடுத்துக்கொண்டு அவளைப் போகவிடுகிறான். அப்படித்தான் அவன் நமக்குச் சொன்னான். நானும் நம்பினேன். 'சரி, இவனுக்கும் கொஞ்சம் மனசு இருக்கிறது' என்றுகூட நினைத்தேன். இரண்டாம் பாகம் வந்த பிறகுதான் தெரிகிறது, அவளை அவன் விடவே இல்லை. நான் அவனை நல்லவனாக நினைத்துக்கொண்டிருந்த அந்த ஒரு மாதமும் கதைப்படி அவள் கூண்டுக்குள் இருந்தாள். பார்க்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய அடியை எந்தத் தொடரும் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

பிறகு அவள் தப்பிய விதம். நாடியா என்ற மாணவி கூண்டைக் கண்டுபிடிக்கிறாள். பூட்டை உடைத்து ஓடவில்லை. இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மரியேன் செத்தவளாகக் கிடக்கிறாள். அவனே தூக்கிக்கொண்டு போய்ப் பூங்கா பெஞ்சில் கிடத்துகிறான். அவன் போன பிறகு நாடியா அவளை எழுப்புகிறாள்.

நீலி செத்த பிறகு எழுந்தாள். மரியேன் சாகாமலே எழுந்தாள். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றி உங்களோடு பேச ஆசை.

களக்காட்டு மழை
ஞாயிறு, இரவு 10.05

நல்ல பதிவு அக்கா. ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான்காவது சீசன் வரைக்கும் சரி. ஐந்தாவதில் அவளை என்ன செய்தார்கள்? கடைசிக்குச் சற்று முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ஜோவின் புதுக் காதலி ப்ரான்டேயிடம் பேசுகிறாள். அந்தப் பேச்சு ப்ரான்டேயின் கண்ணைத் திறக்கிறது. பிறகு துப்பாக்கி, இருட்டு, காடு, பெக் எழுதிய புத்தகத்தில் ஜோ சேர்த்த வரிகளை அவன் கையாலேயே அடிக்க வைப்பது, கடைசிச் சூடு எல்லாம் ப்ரான்டேயுக்கு. நேற்று வந்தவளுக்கு முடிவு, மூன்றாவது சீசனில் இருந்து அடிபட்டவளுக்கு ஆலோசகர் வேலை.

இன்னொன்றும் உறுத்துகிறது. மூன்றாவது சீசனில் காணாமல்போகும் வெள்ளைக்காரப் பெண்ணுக்கு மட்டும் டிவியும் ஊரும் சேர்ந்து அழுவதைப் பற்றிக் கறுப்பினப் பெண்ணான மரியேனே பேசுகிறாள். அந்தச் சீசனில் ஓர் அத்தியாயத்துக்கே அதுதான் தலைப்பு. அப்படிப் பேசியவள் லண்டனில் காணாமல்போகிறாள். செய்தி இல்லை, தேடல் இல்லை, ஒரு மாணவி தற்செயலாகக் கண்டுபிடிக்கும் வரை ஒருவரும் வரவில்லை. எழுதியவர்கள் இதைத் தெரிந்து செய்திருந்தால் பெரிய விஷயம். ஆனால் ஐந்தாவது சீசனில் மறுபடியும் அவளை ஓரத்தில் நிறுத்தியதைப் பார்க்கும்போது, தெரிந்துதான் செய்தார்களா என்று சந்தேகமாக இருக்கிறது.

வண்ணார்பேட்டை மயினி
ஞாயிறு, இரவு 10.31

மழை தம்பி சொல்வது நியாயம்தான். ஆனாலும் கையில் துப்பாக்கி கிடைத்தால்தான் கதை முடிந்ததாக அர்த்தமா? கடைசியில் மரியேனின் ஓவியங்களுக்குப் பெயர் கிடைத்தது என்று சொல்கிறார்கள். எனக்கு அது போதும். பதினெட்டு வருஷம் ஜவுளிக்கடையில் நின்றவள் நான். எங்கள் கூட வேலை பார்த்த ஒரு பிள்ளையைத் தினமும் கடை மூடும் நேரத்தில் ஒருவன் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். ரொம்ப வருஷம் கழித்து அவளை டவுனில் ரதவீதியில் பார்த்தேன். தையல் கடை வைத்திருந்தாள். "மயினி, பிளவுஸ் தைக்க என்கிட்ட கொண்டு வாங்க" என்றாள். அவனைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. நானும் கேட்கவில்லை.

அண்ணாவி பேரன்
திங்கள், காலை 6.20

எங்கள் தாத்தா வில்லுப்பாட்டில் அண்ணாவி, முன்னால் நின்று பாடுகிறவர். சின்ன வயதில் நானும் குடம் அடித்திருக்கிறேன். அதனால் நீலி கதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஊருக்கு ஊர் கதை மாறும். நாங்கள் பாடிய வடிவம் இது.

அவள் தாசி குலத்துப் பெண். நகைக்கு ஆசைப்பட்டவன் கள்ளி மரத்தடியில் அவளைத் தூங்க வைத்துத் தலையில் கல்லைப் போட்டுக் கொன்றான். சாகும்போது அவள் சொன்னது, 'கேட்க ஆள் இல்லை, இந்தக் கள்ளியே சாட்சி.' அடுத்த பிறவியில் நீலியாக வந்து, அந்தக் கள்ளியின் கொப்பையே பிள்ளையாக்கி, பழையனூரில் எழுபது வேளாளர் கூடிய சபையில் நியாயம் கேட்கிறாள். 'இவன் என் புருஷன், பிள்ளையோடு என்னை விட்டு ஓடுகிறான்' என்கிறாள். பிள்ளையும் அவனைப் பார்த்து அப்பா என்கிறது. சபை நம்பி அவனை அவளோடு அனுப்புகிறது. விடிவதற்குள் அவன் உயிர் போய்விடுகிறது. 'உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு' என்று அவனுக்கு வாக்குக் கொடுத்த எழுபது பேரும் தீக்குள் இறங்கி மாய்ந்தார்கள்.

தாத்தா இதைப் பாடும்போது சபைக் கட்டத்தில் குரலை இறக்கிவிடுவார். கேட்டதற்கு, "அவ சொல்லுறதுல பாதி பொய்யி, பாதி உண்மை. உண்மைய மட்டும் சொல்லியிருந்தா எழுபது பேருல ஒருத்தனாவது நம்புவானா?" என்றார். அப்போது எனக்குப் புரியவில்லை.

இப்போது உங்கள் பதிவைப் படித்த பிறகு ஒன்று தோன்றுகிறது. கொல்லப்பட்டவள் அவள். ஆனால் இன்று வரை தமிழில் பொய் அழுகைக்கு என்ன பெயர்? நீலிக் கண்ணீர். சம்பந்தர் தேவாரத்தில் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இந்தக் கதையின் சாயல் இருக்கிறது, அங்கேயும் வஞ்சித்து உயிர் வாங்கியவளாகத்தான் அவள் வருகிறாள். கல்லைப் போட்டவனுடைய பெயரில் நம்மிடம் ஒரு பழமொழி உண்டா? இல்லை. புகார் கொடுக்கப் போகும் பெண்ணைப் பார்த்து 'நீலிக் கண்ணீர் வடிக்கிறாள்' என்று சொல்லும் எவருக்கும் தான் சொல்வது ஒரு கொலையுண்டவளின் பெயர் என்று தெரியாது.

செத்தவளுக்குக் கொடை உண்டு என்று எழுதியிருந்தீர்கள். கொடை உண்டுதான். ஆனால் அவளையும் நாம் நம்பவில்லை, பயந்தோம்.

பாளை வாசகி
திங்கள், காலை 7.02

அண்ணாச்சி, இதைப் படித்துவிட்டு அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன். நீலிக் கண்ணீர் என்று நானே எத்தனை முறை சொல்லியிருப்பேன். தாத்தா சொன்ன பாதி பொய், பாதி உண்மை மரியேனுக்கும் பொருந்துகிறது பாருங்கள். அவள் உண்மையைச் சொல்லித் தப்பவில்லை. செத்துவிட்டேன் என்று ஒரு பொய்யைத் தன் உடம்பாலேயே சொல்லித் தப்பினாள்.

ரயிலடி வாசன்
திங்கள், மதியம் 1.15

நான் கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். மூன்றாவது சீசன் முடிவில் ஜோவின் மனைவி லவ் மரியேனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். ஜோதான் ரயனைக் கொன்றான் என்று மரியேனுக்குத் தெரியும். அப்போதே போலீசுக்குப் போயிருந்தால் லண்டனே நடந்திருக்காதே? அவள் ஏன் மகளைக் கூட்டிக்கொண்டு பாரிசுக்குப் போனாள்? அந்த இடத்தில் எனக்கு அந்தப் பாத்திரம் பலவீனமாகத் தெரிகிறது.

பாளை வாசகி
திங்கள், இரவு 8.48

வாசன், இந்தக் கேள்வியை நீங்கள் நல்ல மனசோடு கேட்கிறீர்கள் என்று தெரியும். கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் கதைக்குள் இருந்து. போதைப் பழக்கம், அதனால் கோர்ட்டில் மதிப்புக் குறைவு. செத்தவன் பிள்ளைக்காக அவளோடு வழக்காடிக்கொண்டிருந்த முன்னாள் கணவன். அவன் செத்ததால் லாபம் யாருக்கு என்று போலீஸ் முதலில் யாரைக் கேட்கும்? ஜோ தானும் செத்துவிட்டதாக ஊரை நம்பவைத்துவிட்டு ஓடியும்விட்டான். இல்லாதவன் மேல் அவள் எப்படிப் புகார் கொடுப்பாள்? கேண்டஸ் போலீஸிடம் போனபோது என்ன நடந்தது என்பதையும் இதே தொடர் காட்டியது, உதவி கிடைக்கவில்லை.

இனி என் கதை. இதுவரை இணையத்தில் எழுதியதில்லை.

2011. வீரவநல்லூரில் வீடு. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. காலை பஸ்ஸில் வழியில் ஒருவன் ஏறுவான். முதலில் பின் சீட்டு. பிறகு பக்கத்துக் கம்பி. பிறகு கல்லூரி வாசல். ஒரு நாள் நான் முந்தின நாள் எந்தக் கடையில் என்ன வாங்கினேன் என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதி, இறங்கும்போது என் பைக்குள் போட்டான். மிரட்டல் ஒரு வார்த்தை இல்லை. அன்பாகத்தான் எழுதியிருந்தான். அந்த அன்பைப் படித்தபோதுதான் கை நடுங்கியது. ஜோவின் குரலை முதன்முதலாக ஹெட்போனில் கேட்டபோது எனக்கு அந்தச் சீட்டின் கையெழுத்து ஞாபகம் வந்தது.

கல்லூரியில் சொன்னேன். வேறு பஸ்ஸில் வரச் சொன்னார்கள். வேறு பஸ்ஸில் போனேன், அதிலும் இருந்தான். வீட்டில் சொன்னேன். அப்பா ஒரு வாரம் கூடவே வந்தார். எட்டாம் நாள் என்னைக் கல்லூரியில் இருந்து நிறுத்திவிட்டார். அதோடு முடியவில்லை. எங்கள் தெரு முனையில் வந்து நிற்கத் தொடங்கினான். போலீசுக்குப் போனால் பெண்ணின் பெயர் கெடும் என்று வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

என்னைக் காப்பாற்றியது என் அத்தை. அப்பாவின் அக்கா. எழுதப் படிக்கத் தெரியாது. ஆலங்குளம் பக்கத்தில் பீடி சுற்றிப் பிழைத்தவள். அவள் வந்து ஊர் முழுக்க ஒரு செய்தியைப் பரப்பினாள்: எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, மாப்பிள்ளைக்கு மும்பையில் வேலை, அங்கேயே வைத்துக் கல்யாணம். பழக்கடையில் சொன்னாள், டீக்கடையில் சொன்னாள், அவன் காதில் விழும்படி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடமும் சொன்னாள். பட்டுப்புடவை எடுக்கத் திருநெல்வேலி போவதாகச் சொல்லி அம்மாவை அழைத்துப்போய் வெறும் பையோடு திரும்பி வந்தாள். ஒரு நாள் விடியுமுன் என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எட்டு மாதம் அத்தை வீட்டில் இருந்தேன். அவனுக்கு நான் மும்பையில். உண்மையில் ஐம்பது கிலோமீட்டருக்குள் ஒரு ஓட்டு வீட்டில், மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும், வாசல் கதவு எப்போதும் ஒருக்களித்து. முதல் மாதம் ஒரு நாளைக்கு முந்நூறு பீடிகூட என்னால் முடியவில்லை. போகும்போது ஆயிரம் சுற்றினேன். அத்தை ஒரு நாள்கூட 'பயப்படாதே' என்று சொன்னதில்லை. ராத்திரி நான் திடுக்கிட்டு விழித்தால், தூங்காமல் உட்கார்ந்து நூல் கட்டிக்கொண்டிருப்பாள். விளக்கு எரியும். அவ்வளவுதான்.

பிறகு தபால்வழியில் டிகிரி முடித்தேன். வேலை கிடைத்தது. பாளைக்கே திரும்பி வந்தேன். அவன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது.

நாடியா மரியேனிடம் செத்தவளாகக் கிடக்கச் சொன்ன அந்த அத்தியாயத்தைப் பார்த்தபோது நான் அழவில்லை. எழுந்து போய் வாசல் கதவைப் பூட்டியிருக்கிறேனா என்று பார்த்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். கதையில் அதை யாராவது கோழைத்தனம் என்பார்களோ என்று பயந்தேன். அந்தத் தொடர் அப்படிச் சொல்லவில்லை. அதற்காக அதை எழுதியவர்களுக்கு நன்றியோடு இருக்கிறேன்.

ரயிலடி வாசன்
திங்கள், இரவு 9.30

அக்கா, மன்னிக்க வேண்டும். பலவீனம் என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வண்ணார்பேட்டை மயினி
திங்கள், இரவு 9.41

அத்தை இப்போது இருக்கிறார்களா?

பாளை வாசகி
திங்கள், இரவு 9.44

இருக்கிறாள் மயினி. கண் தெரிவதில்லை. குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிடுவாள்.

கறுப்பு கோட்
செவ்வாய், காலை 10.10

திருநெல்வேலியில் வழக்கறிஞராக இருக்கிறேன். ஒரு விவரம் மட்டும். அக்கா சொல்லும் 2011-ல், பின்தொடர்வது என்ற பெயரில் இந்திய தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றமே கிடையாது. தமிழ்நாட்டில் பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிரான 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. ஆனால் இப்படி அமைதியாக, அன்பாக, தினமும் நிற்பதை அதற்குள் கொண்டுவருவது பெரும்பாடு. டெல்லிச் சம்பவத்துக்குப் பிறகு அமைந்த நீதிபதி வர்மா குழுவை அடுத்து, 2013-ல்தான் 354டி என்ற பிரிவு வந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-ஆம் பிரிவு.

அந்தப் பிரிவில் எனக்குப் பிடித்த இடம் எது என்றால், பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் மறுபடி மறுபடி பின்தொடர்வதோ தொடர்புகொள்ள முயல்வதோ குற்றம். அவள் இணையத்திலும் மின்னஞ்சலிலும் செய்வதைக் கண்காணிப்பதும் குற்றம். அடிக்க வேண்டியதில்லை, மிரட்ட வேண்டியதில்லை. ஜோ முதல் சீசன் முதல் அத்தியாயத்தில் பெக்கின் சமூக வலைத்தளப் பக்கங்களைத் துழாவி, அவள் வீட்டு ஜன்னலுக்கு எதிரே நிற்கிறானே, அதெல்லாம் இதற்குள் வரும்.

அந்த அத்தியாயம் வந்த சமயத்தில், 'அவள் ஏன் ஜன்னலுக்குத் திரை போடவில்லை' என்று கேட்டவர்களை நானே அறிவேன். ஜோவாக நடித்த பென் பேட்ஜ்லி 2019 ஜனவரியில் ட்விட்டரில் ரசிகைகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார், இவன் கொலைகாரன், இவனை விரும்பாதீர்கள் என்று. நடித்தவனே வந்து சொல்ல வேண்டியிருந்தது.

களக்காட்டு மழை
செவ்வாய், மாலை 5.52

அக்காவின் கதையைப் படித்த பிறகு நேற்று ராத்திரியில் இருந்து ஐந்தாவது சீசனைத் திரும்பப் பார்த்தேன். மரியேனுக்கு நேரம் குறைவு என்ற என் குறை அப்படியேதான் இருக்கிறது. அதை விடமாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

இந்தத் தொடர் முழுக்க ஜோவின் குரலில் ஓடுகிறது. நாம் யாரைப் பார்த்தாலும் அவன் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். மரியேன் தப்பிய விதம் மட்டும் அவனுக்குத் தெரியாது. அவன் குரல் இல்லாத இடத்தில், இரண்டு பெண்கள் தங்களுக்குள் கிசுகிசுத்துப் போட்ட திட்டம் அது. நமக்கும் பின்னால்தான் காட்டுகிறார்கள். அவன் செத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு தன் கதையைத் தொடர்கிறான், அவள் பாரிஸில் மகளோடு உட்கார்ந்து இருக்கிறாள். அவளுடைய மிச்ச வாழ்க்கை அவன் கதைக்குள் இல்லை. அப்படியானால் ஐந்தாவது சீசனில் அவளுக்கு இடம் குறைவாக இருப்பதை வேறு மாதிரியும் பார்க்கலாமோ? அவள் வேறு எங்கோ வாழ்ந்துகொண்டிருந்ததால் திரையில் இல்லை. முழுசாக ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

எனக்கு இன்னும் ஆறாதது நாடியா. மரியேனை அனுப்பிவிட்டு ஆதாரத்துக்காகத் திரும்பிப் போனாள். ஜோ அவள் நண்பன் எடியைக் கொன்று பழியை அவள் தலையில் போட்டு ஜெயிலுக்கு அனுப்பினான். ஒருத்தி வெளியே வர இன்னொருத்தி உள்ளே போனாள். மரியேன் அந்தக் கடனோடுதான் பாரிஸில் காபி குடித்திருப்பாள். அதை ஒரு முழு அத்தியாயம் காட்டியிருக்க வேண்டும்.

அண்ணாவி பேரன்
செவ்வாய், இரவு 7.15

அத்தையிடம் உங்களுக்கும் அந்த மாதிரிக் கடன் இருந்திருக்கும் அல்லவா, வாசகி? அவன் பிறகு அத்தையைத் தேடி வந்தானா?

பாளை வாசகி
செவ்வாய், இரவு 8.20

எங்கள் வீட்டுக்கு ஒரு முறை வந்தானாம் அண்ணாச்சி. மும்பை விலாசம் கேட்டு. அப்போது அத்தையும் அங்கே இருந்திருக்கிறாள். 'என் மருமவ புருஷன் வீட்டுல இருக்கா, உனக்கு எதுக்கு விலாசம்?' என்று தெருவே கூடும்படி கத்தியிருக்கிறாள். எனக்கு இது மூன்று வருஷம் கழித்துத்தான் தெரியும். மழை தம்பி சொன்ன அந்தக் காட்டாத அத்தியாயம் எங்கள் வீட்டில் இப்படி நடந்தது.

ஈசல்
செவ்வாய், இரவு 11.50

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். முதல் பதிவு. தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

நான் பாளையில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். எங்கள் அறையில் மூன்று பேர் சேர்ந்து நான்காவது சீசன் பார்த்துக்கொண்டிருந்தோம். மரியேன் கூண்டில் இருப்பது தெரிந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். தோழிகளிடம் தலைவலி என்றேன். இன்ஸ்டாகிராமில் ஒருவன் நான்கு மாதமாக எழுதுகிறான். தடுத்தால் வேறு பெயரில் வருகிறான். இன்று நான் என்ன நிற உடை போட்டிருந்தேன் என்று எழுதியிருந்தான். கல்லூரியில் இருப்பவன்தான் என்று நினைக்கிறேன். வேண்டாம் என்று இரண்டு முறை எழுதினேன். வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள். அக்கா எழுதியதைப் படித்ததும் அது நிச்சயம் என்று தெரிந்துவிட்டது.

கறுப்பு கோட்
புதன், காலை 6.05

தங்கை, வேண்டாம் என்று எழுதிய அந்த இரண்டு செய்தியையும் அழித்துவிடாதே. அவைதான் உனக்குப் பலம். அவன் எழுதியதையெல்லாம், கணக்கின் பெயரும் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, போனில் மட்டும் வைக்காமல் நம்பும் ஒருத்திக்கு அனுப்பி வை. இனி அவனுக்குப் பதில் எழுதாதே. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது. புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, கேட்டு வாங்க வேண்டும். வாய்மொழியாகப் பார்த்துக்கொள்கிறோம் என்றால் எழுந்து வராதே. முதலில் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 181-க்குக் கூப்பிடு, பெண்களுக்கான உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள். இணையத்தில் நடப்பதற்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை விட, சைபர் குற்றத்துக்கான அரசு இணையதளத்தில் பெண்களுக்கான பகுதியில் பதிவது இதற்குப் பொருத்தம்.

வண்ணார்பேட்டை மயினி
புதன், காலை 6.40

தனியாகப் போகாதே பிள்ளே. கூட ஒரு ஆள் வேண்டும். பாளை என்றால் எனக்குப் பக்கம்தான், உடனே வந்துவிடுவேன். வாசகிக்குத் தனிச்செய்தி அனுப்பு, இங்கே போன் நம்பர் போடாதே.

பாளை வாசகி
புதன், காலை 6.58

ஈசல், எனக்கு எழுதம்மா. ரெண்டு பேரும் வருகிறோம். வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா, எப்போது சொல்வது என்பதை நீயே முடிவு செய். என் விஷயத்தில் எல்லாரும் எனக்காக முடிவெடுத்தார்கள், அத்தை ஒருத்தி மட்டும்தான் "நீ என்னளா சொல்லுத?" என்று கேட்டாள்.

ஈசல்
வெள்ளி, இரவு 9.25

நேற்று போனோம். உள்ளே போனதும் குரல் வரவில்லை. மயினி என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் எழுதி வைத்திருந்த காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார்கள். அங்கே இருந்த பெண் காவலர் முழுவதும் படித்தார். 'நீ ஏதாவது பதில் எழுதினாயா' என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று எழுதிய இரண்டையும் காட்டினேன். ரசீது கொடுத்தார்கள். அது என் புத்தகப் பைக்குள் இருக்கிறது.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா வருகிறாள், அவளிடம் மட்டும் சொல்வேன்.

அந்த அத்தியாயத்தில் இருந்து மீதியை இன்று பார்த்தோம். இந்த முறை தோழிகளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பெஞ்சில் கிடத்திவிட்டு அவன் போகும் இடத்தில் ஒருத்தி நிறுத்தவா என்று கேட்டாள். வேண்டாம், ஓடட்டும் என்றேன்.